டிரெய்லருக்கு ஒரு ஜோடி டயர்

கடைக்காரர் சிரித்த முகமாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். உளுந்தை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. மிளகாய் மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினால், அடிவரைக்கும் கைவிட்டுப் பார்ப்பேன். பிறந்த வீட்டில் இதைச் சாமர்த்தியம் என்றார்கள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் வேறு பெயர் வைத்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனாலும் ஒரு ஜோடி டயர் விஷயத்தில் நான் பட்ட சந்தேகம் மாதிரி என் ஆயுசில் வேறு எதிலும் பட்டதில்லை. அதில் சிக்கியிருந்தது என் வீட்டுக்காரரின் உயிர்.

உலகச் சண்டை முடிந்து அவர் பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு நடந்தது இது. அங்கே அவர் லாரி ஓட்டினவர். எங்கெங்கோ மணல்காட்டில் எல்லாம் ஓட்டியதாகச் சொல்வார். அந்த ஊர்ப் பெயர்கள் எதுவும் என் வாயில் நுழையாது. வந்த கையோடு, பட்டாளத்தில் வேண்டாம் என்று கழித்த வண்டிகளை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அலையாய் அலைந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொட்டி ஒரு சின்ன லாரியை எடுத்தார். அதோடு விட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு பிணக்கும் வந்திருக்காது. அதே ஏலத்தில், லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் நின்றது. அது இருந்தால் ஒரே நடையில் ஒன்றரை மடங்கு லோடு அடிக்கலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கையில் இருப்பு இல்லை. வீட்டில் நின்ற காளை ஜோடியை விற்றுவிட்டார்.

அய்யாவிடம் கேட்டுத்தான் விற்றேன் என்றார் இவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் மாமா, அதாவது இவருடைய அப்பா. யார் சொன்னது நிஜம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆளுக்குப் பாதி பொய் இருக்கும் என்பது என் கணக்கு.

எங்கள் வீடு பாளையம்பட்டியின் கடைசியில், கிணற்றை ஒட்டி இருந்தது. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். காளைகள் போன அன்று, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை நின்றது. அன்றைக்கே மாமா தன் மகனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். அந்த இரும்பின் மேல் என் கை படாது என்று ஊர் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போய் வந்தது. மகன் இரண்டு எட்டுத் தள்ளி நின்று கொண்டிருப்பார். மாமா என்னைப் பார்த்து, "தாயி, தோட்டத்து வேலியில ஆடு ஏறுதுன்னு ஒம் புருசன்ட்டச் சொல்லு" என்பார். இவர் காது கேட்காதவர் மாதிரி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் சொல்வேன். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல்தான் வந்தது.

கமலை நின்ற பிறகும் மாமா அதை விடவில்லை. தண்ணீர் மொள்ளுகிற சாலின் அடியில் தொங்குகிற தோல் வாலைக் கழற்றி, கொட்டகையில் நிழலில் தொங்கவிட்டு, புங்கெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். எண்ணெய் போடாவிட்டால் எங்கள் பக்கத்து வெயிலில் தோல் வெடித்துப் போகும். தண்ணீர் இறைக்காத வாலுக்கு எதற்கு எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

டிரெய்லர் வந்தபோது அதில் இருந்தது பட்டாளத்து டயர்தான். பார்த்தால் ஆசையாக இருக்கும். கட்டை கட்டையாக, உழவு சால் ஆழத்துக்குப் பள்ளமும் மேடுமாக, நேற்றுச் செய்த மாதிரி இருந்தது. ஊரில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வீரசோழனில் கொத்தமல்லி ஏற்றிக்கொண்டு திருச்சுழி தாண்டி வரும்போது அதில் ஒன்று வெடித்தது. வெடித்ததும் டிரெய்லர் ஒரு பக்கம் படுத்து, லாரியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண்மாய்க் கரையில் நிறுத்தியது. மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் குதித்துத் தப்பினார். இவருக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு முழம் தள்ளிப் போயிருந்தால் கண்மாய்க்குள் கிடந்திருப்பார்.

வெடித்த டயரைக் காட்டி அவர் விளக்கினார். மேலே தேயவே இல்லை. பக்கவாட்டில்தான் விரல் நகம் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. எங்கேயோ ஒரு மைதானத்தில் வருசக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி அது. "மேல முகம் நல்லாருக்கும். உள்ள செத்துருக்கும்" என்றார். எனக்கு அது மனிதர்களைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது. டயர் வாங்க மதுரைக்குப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். பொம்பளை அங்கே வந்து என்ன செய்யப் போகிறாய் என்றார். உளுந்து வாங்குகிறவளுக்கு டயர் வாங்கத் தெரியாதா என்றேன்.

மதுரையில் ரயிலடிக்குப் பின்பக்கம் ஒரு பொட்டல். அதில் டயர்களைக் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். புது டயர் வாங்க அப்போது பர்மிட் வேண்டும். அது நம் மாதிரி ஆட்களுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் எல்லோரும் அந்தப் பொட்டலுக்குத்தான் வந்தார்கள். அங்கே எங்களைப் பிடித்துக்கொண்ட தரகர் முந்தி மாட்டுத்தாவணியில் மாடு பிடித்துக் கொடுத்தவர். சண்டைக்குப் பிறகு டயருக்கு மாறிவிட்டார். ஆள்தான் மாறினாரே தவிர பேச்சு மாறவில்லை. ஒரு டயரைத் தட்டிக் கொடுத்து, இளங்காளையைச் சொல்கிற மாதிரி, "இன்னும் பல்லே போடாத உருப்படி ஆத்தா இது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் ஏமாந்துவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முதலில் காட்டியதெல்லாம் மினுமினு என்று கறுப்பாக இருந்தது. வெட்டவெளியில் கிடக்கிற சாமானுக்கு இவ்வளவு மினுக்கம் எங்கிருந்து வரும்? முந்தானையை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். துணியில் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது. பூட்ஸுக்குப் போடுகிற கறுப்பைத் தடவியிருக்கிறார்கள். துடைத்த இடத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு தெரிந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டிக்கொண்டு வந்ததற்கு அப்போதுதான் அவருக்குச் சந்தோஷம். தரகர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிறது இல்லையா என்று கேட்டார்.

பிறகு கட்டை வைத்த பட்டாளத்து டயர் ஒரு ஜோடியைக் காட்டினார். வெடிப்பு ஒன்றும் இல்லை. நல்ல ஆழம். எனக்கு அது பிடித்துப் போயிற்று. வேண்டாம் என்றார் இவர். அந்தக் கட்டை சேற்றுக்கும் மணலுக்கும் செய்தது, தார் ரோட்டில் தூத்துக்குடி வரைக்கும் இழுத்தால் உருண்டு உருண்டு சூடேறிப் போகும் என்றார். நீளவாக்கில் கோடு கோடாக ஓடுகிற டயர்தான் ரோட்டுக்கு ஆகும் என்று சொல்லி, ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்த இரண்டை இழுத்துப் போட்டார். பார்க்க அவ்வளவு சுமாராக இருந்தன. இரண்டையும் நிறுத்திக் கயிறு போட்டுச் சுற்றளவு பார்த்தார். ஒன்று கூட ஒன்று குறைய இருந்தால் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும் என்றார். உள்ளே தலையைவிட்டு ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று தடவினார். பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்தினார், அழுத்திய இடம் உடனே எழும்பியது. அடுத்தாற்போல் கிடந்த இன்னொன்று இதைவிட நல்லதாக எனக்குத் தெரிந்தது. அதில் கிரீஸ் பட்ட கறை இருக்கிறது, எண்ணெய்ப் பசை ரப்பரைத் தின்றுவிடும் என்று தள்ளிவிட்டார்.

விலை பேசும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் கையின் மேல் போட்டார். மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரியே இரண்டு பேரும் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நின்ற பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது. நல்ல டயரைத் தள்ளிவிட்டுச் சுமாரானதை எடுத்தது விலைக்காகத்தானோ, எனக்கு ரோடு, சூடு என்று கதை சொன்னாரோ என்று நினைப்பு ஓடியது. வரும் வழியெல்லாம் கேட்டேன். ஒரு விலை சொன்னார். நான் நம்பவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மாட்டிய அன்றே ஒரு காரியம் செய்தேன். ஆணியால் இரண்டு டயரிலும் உள்பக்கமாக ஒரு கீறல் போட்டு வைத்தேன். பொட்டலிலும் ரோட்டோரத்திலும் நிற்கிற வண்டி. யாராவது கழற்றி மாற்றினால் தெரிய வேண்டும் அல்லவா?

அந்தக் கோடை கொடுமையான கோடை. டிரெய்லரை லாரியிலிருந்து கழற்றிக் கொட்டகை ஓரம் நிறுத்துவார். பாதி நிழல், பாதி வெயில். டயர்கள் நன்றாகத்தான் ஓடின. அருப்புக்கோட்டை மிளகாய் வியாபாரி ஒருவர் இவருடைய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, தூத்துக்குடி லோடை இனி உங்களுக்கே தருகிறேன் என்றார். லாரியோடு டிரெய்லரும் இருப்பதால்தான் அந்த வாய்ப்பு வந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் டயர் மாற ஆரம்பித்தது. பக்கவாட்டில் புழுதி ஒட்டிக்கொண்டு உதிராமல் நின்றது. தொட்டால் பிசுபிசுத்தது. இவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், அழுத்திய பள்ளம் எழும்பாமல் அப்படியே கிடந்தது. ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. அவர் முகம் செத்துப் போயிற்று. தரகன் ஏமாற்றிவிட்டான், ரப்பரில் ஏதோ கலப்படம் என்றார். நான் குனிந்து உள்பக்கம் பார்த்தேன். நான் போட்ட கீறல் இரண்டிலும் இருந்தது. ஆக யாரும் மாற்றவில்லை. டயர் அதேதான், குணம்தான் கெட்டிருக்கிறது.

லோடுமேன் மேல் என் கண் போனது. அந்த ஆள் காலில் கிடந்தது டயர்ச் செருப்பு. டயர் கெட்டுப்போனால் அதை வெட்டிச் செருப்பாக்கலாம் என்று ஏதாவது செய்கிறாரோ? ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே திரிந்தேன். மனிதர் வெற்றிலை போட்டார், தூங்கினார், மூட்டை தூக்கினார். வேறு ஒன்றும் செய்யவில்லை. பிறகு சந்தேகம் அடுத்த வீட்டு லாரிக்காரர் மேல் போனது. அவருக்கும் மிளகாய் லோடு மேல் ஒரு கண் உண்டு. ஆனால் அவர் எங்கள் கொட்டகைப் பக்கம் வருவதே இல்லை.

"அய்யாவுக்கு இந்த டிரெய்லரு மண்ணாப் போனாத்தேன் நிம்மதி" என்று ஒரு நாள் இவர் சாப்பிடும்போது சொன்னார். டிரெய்லர் போனால் மகன் திரும்ப ஏர் பிடிக்க வருவான் என்று அப்பா காத்திருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். சும்மா வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள் என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு மாமாவை ஒரு கண் வைத்துப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் படுக்கிற நேரத்தில் அவர் வெளியே போவார். தோட்டத்துக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் படுத்த மாதிரி படுத்து, எழுந்து பின்னாலேயே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கொட்டகை ஓரம் டிரெய்லருக்குப் பக்கத்தில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கொட்டாங்கச்சி, அது நிறையப் புங்கெண்ணெய். இன்னொரு கையில் பழைய துணி. டயரின் பக்கவாட்டில், தோல் வாலுக்குத் தடவுவாரே, அதே மாதிரி, மேலிருந்து கீழாகப் பதமாகத் தடவிக்கொண்டிருந்தார். ஓர் இடம் விடவில்லை. தடவி முடித்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் இன்னொரு தரம் தடவினார்.

வந்தது கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"மாமா, என்ன செய்றீக?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். கொட்டாங்கச்சியை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் கீழே வைத்தார்.

"அந்தப் பழய சக்கரம் வெயில்ல வெடிச்சுத்தான தாயி அவனக் கவுக்கப் பாத்துச்சு" என்றார். "இதுவும் வெடிச்சுரக் கூடாதுல்ல."

"இது தோலு இல்ல மாமா. ரப்பரு. எண்ணெ பட்டா ரப்பரத் தின்னுரும்னு அவுக சொல்லிருக்காக. இந்தா பாருங்க, எப்படிப் புடைச்சிருக்குன்னு."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை உதறினார்.

"தோலா இருந்தா என்ன, ரப்பரா இருந்தா என்ன. வெயிலு ஒண்ணுதான" என்றார். இரண்டு எட்டுப் போய் நின்று, திரும்பாமலேயே, "அவனுக்குத் தெரிய வேணாம் தாயி" என்றார்.

அந்த இரும்பைத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவர், கோடை முழுக்கத் தினமும் தொட்டிருக்கிறார். அது மகனுக்குத் தெரிந்துவிட்டால் அவருக்கு அவமானம். எனக்கோ அதைவிடப் பெரிய கவலை. சொல்லாமல் விட்டால் இந்த டயரோடு இவர் தூத்துக்குடி ரோட்டில் போவார். சொன்னால், அப்பா வேண்டுமென்றே டயரைக் கெடுத்தார் என்றுதான் இவர் நினைப்பார். அதற்குப் பிறகு என் வழியாகக்கூட அவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இதில் நான் யோசிக்க ஒன்றும் இல்லை. உயிர் இருந்தால்தான் பிணக்கு, பேச்சு எல்லாம். ஆனாலும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொன்னதை மாமா நம்பவில்லை என்பது எனக்கு உறைத்தது. இவ்வளவு பதமாகத் தடவுகிறவருக்கு, டயர் நாளுக்கு நாள் பிசுபிசுப்பது கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

பொழுது சாய இவர் வந்தார். வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் லாரியிலும் டிரெய்லரிலும் மிளகாய் ஏற்றி, விடிந்ததும் தூத்துக்குடிக்குக் கிளம்புவதற்காக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூட்டையின் பாரத்தில் டயர் பிதுங்கி நின்றது. நான் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். வெடித்துவிடக் கூடாது என்று பயந்துதான் தடவியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"பயமா? மூஞ்சியப் பாத்துப் பேசாத மனுசனுக்கு எம்மேல என்ன பயம்" என்றார். விறுவிறு என்று வீட்டுக்குள் போனார். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் அவர் எதிரில் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏ புள்ள, அய்யாட்டக் கேளு. நான் ரோட்டுல விழுந்து கெடந்தாத்தேன் அவுகளுக்கு மனசு ஆறுமான்னு கேளு."

அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேராகவே போய்விட்டது. மாமா கும்பாவைத் தள்ளி வைத்தார். பாதிக் கஞ்சி அப்படியே கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அப்பனும் மகனும் எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

நாளைக்குப் போக வேண்டாம் என்று இவரிடம் மன்றாடினேன். முதல் லோடே போய்ச் சேரவில்லை என்றால் வியாபாரி அடுத்த வீட்டு லாரிக்காரரிடம் கொடுத்துவிடுவார், ஒரு நடை தாங்கும், மெதுவாகப் போகிறேன் என்றார். லோடுமேன் உங்களோடு வருகிறார்தானே என்று கேட்டேன். இல்லை, அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அங்கே இறக்க ஆள் இருக்கிறது என்றார். டயர் தாங்கும் என்று நினைக்கிறவர் எதற்காக மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற ஆளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? தாங்காது என்று அவருக்கே தெரியும். போனால் தன் ஒருத்தர் உயிர் மட்டும் போகட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

விடிந்து நான் வாசலுக்கு வந்தபோது இவர் லாரி மூக்கில் கம்பியைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். இஞ்சின் பிடித்ததும் எழுந்து பின்னால் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டிரெய்லரில் மிளகாய் மூட்டைக்கு மேல் மாமா உட்கார்ந்திருந்தார். தலையில் முண்டாசு, சட்டை இல்லை, இரண்டு கையாலும் கட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தார். எந்த வழியாக ஏறினார் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் அது லேசான ஏற்றம் இல்லை.

"மாமா, என்ன இது, எறங்குங்க" என்றேன்.

"நானும் தூத்துக்குடிக்கு வாரேன் தாயி. ஒம் புருசன வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். சொல்ல முடியாது என்று தலையை ஆட்டினேன். நேற்று ராத்திரி நான் எடுத்துக்கொண்டு போகாத வார்த்தை மாதிரிதான் இதுவும்.

"நான் எண்ணெ போட்ட சக்கரம். நான் மேல இருந்துக்கிறேன். எடுக்கச் சொல்லு" என்று மறுபடியும் சொன்னார் மாமா. குரலில் கோபம் இல்லை. களத்தில் வேலை சொல்கிற மாதிரி சொன்னார்.

இவர் போய் இஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் தெருவே காலியாகிப் போன மாதிரி இருந்தது. பிதுங்கி நின்ற டயரை ஒரு தரம் பார்த்தார். அதற்கு மேலே தொங்கிய அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் புகுந்து, இரண்டையும் இணைக்கிற கொக்கியில் மாட்டியிருந்த ஆணியை உருவி எடுத்துவிட்டார்.

"ஏன், ஓடாதா?" என்று கேட்டார் மாமா. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"ஓடாதுய்யா" என்றார் இவர். "எறங்குங்க. என் தோள்ல கைய வைங்க."

அத்தனை மாசத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டது அது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா இறங்கினார். தரையில் கால் வைத்ததும் நிற்க முடியாமல் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் கிடுகிடு என்று ஆடின. இவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, லாரியில் இருந்த லோடை மட்டும் கொண்டு போகிறேன், மீதியை வியாபாரியிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அவர் கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போனார்.

எனக்கு அந்தக் கால் நடுக்கம் மனதை விட்டுப் போகவில்லை. எண்ணெய் போட்டால் நல்லது என்று நம்பினவருக்கு, அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார எதற்கு நடுக்கம்? நின்ற வண்டிதான் அது, ஒரு முழம்கூட நகரவில்லை. மதியம் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"வெயிலு ஒண்ணுதானன்னு நீங்கதான மாமா சொன்னீக. பெறகு எதுக்கு அப்படி நடுங்குனீக?"

மாமா வெங்காயத்தைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் கஞ்சி குடித்தார். நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"நீ சொன்னத நம்பாமயா தாயி நான் மேல ஏறுனேன்?" என்றார்.

யாரையும் நம்பாமல் இருந்தே எனக்குப் பழக்கம். என்னை ஒருத்தர் நம்பி, அதற்காக உயிரைக் கொண்டுபோய் ஒரு மூட்டை மேல் வைத்தால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கும்பாவை வாங்கி இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன்.